அங்க என்ன இருக்கு? வடசென்னையும் வேகமான கார்களும்

போன வாரம் வந்த எபிசோடை எடிட் பண்ணி எழுத்து வடிவத்தில் இங்கே போட்டிருக்கேன். நடுநடுவே நான் இருமியது, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் எல்லாம் வெட்டியாச்சு.

ஆரம்பிக்கும்போதே ஒன்றைச் சொல்லிடறேன். எனக்குக் கார் வாங்கும் வசதி கிடையாது. மெட்ரோவில்தான் ஆபீஸ் போறேன். ஆனா என் ஆபீஸில் ஒரு சீனியர் இருக்கார். செகண்ட் ஹேண்டில் ஒரு போர்ஷே வாங்கி, அதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கிறார். சென்னையில் ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிறவங்க ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒண்ணா கிளம்பி ஒரு ரவுண்டு போயிட்டு வர்றது வழக்கம். "சும்மா பக்கத்து சீட்ல உக்காந்து வாடா, வெயிட்டுக்கு ஆள் வேணும்"னு கூப்பிட்டார். போனேன்.

காலை அஞ்சு மணி, தீவுத் திடல் பக்கம். இருபது காராவது இருக்கும். மஞ்சள், ஆரஞ்சு, அப்புறம் பெயிண்ட்டா ஸ்டிக்கரா என்று தெரியாத ஒரு பச்சை. பாதிப் பேர் டாக்டர்கள். எல்லாரும் நல்ல மனுஷங்க. ஃபிளாஸ்க்கில் இருந்து எனக்கும் காபி ஊத்திக் கொடுத்தாங்க. ரூட் ரொம்ப எளிது. மெரினா, அடையாறு, ஈசிஆர், மாமல்லபுரத்தில் இட்லி, ஒன்பது மணிக்குள் வீடு.

நான் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "ஒரு தடவை வடக்குப் பக்கம் போலாமே? எண்ணூர் வரைக்கும்?"

சிரிச்சாங்க. ஒருத்தர், "அங்க போனா பம்பர் தனியா, கார் தனியா வரும் ப்ரோ"ன்னார். இன்னொருத்தர் உண்மையிலேயே தெரிஞ்சுக்கிற ஆர்வத்தில் கேட்டார்: "அங்க என்ன இருக்கு?"

நான் திருவொற்றியூர், காலடிப்பேட்டை. பம்பர் விஷயத்தில் அவர் சொன்னது நூறு சதவீதம் சரி. துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் டிரெய்லர் வரிசையில் சிக்கி நான் ட்யூஷனுக்கு லேட்டா போன நாட்களை எண்ண முடியாது. ஆனா அந்த ரெண்டாவது கேள்வி மாமல்லபுரம் வரைக்கும் கூடவே வந்தது. திரும்பி வந்ததில் இருந்து படிக்க ஆரம்பிச்சேன். அதுதான் இந்த எபிசோட்.

முதல்ல நாங்க நின்ன இடம். தீவுத் திடல்னு ஏன் பேர்? சர்க்கஸ், பொருட்காட்சி, பட்டாசுக் கடைன்னு பார்த்துப் பழகின நமக்கு அது ஒரு மைதானம். ஆனா உண்மையிலேயே அது தீவுதான். கூவம் ரெண்டா பிரிஞ்சு, அந்தப் பக்கம் ஒரு கை, இந்தப் பக்கம் ஒரு கை என்று சுத்தி வந்து சேருது. நடுவில் இருக்கிற நிலம் இது. ஜார்ஜ் கோட்டைக்குக் காவல் மாதிரி காலியாவே வச்சிருந்தாங்க. தாமஸ் மன்றோ சிலை 1839இல் இருந்து அங்கேயே குதிரை மேல் உட்கார்ந்திருக்கார், கால் வைக்க வளையம் கூட இல்லாமல்.

அங்கிருந்து தெற்கே திரும்பினால் மெரினா. எங்க கான்வாய் திரும்பின அந்த அகலமான கடற்கரை இயற்கையா அவ்வளவு அகலமா இருந்தது இல்லை. 1870களில் சென்னைத் துறைமுகத்தைக் கட்ட ஆரம்பிச்சப்போ, கடலுக்குள் நீட்டின கல் சுவர்கள் மணலோட ஓட்டத்தை மறிச்சது. நம்ம கரையில் மணல் பெரும்பாலும் தெற்கில் இருந்து வடக்கே நகரும். சுவர் மறிச்சதும் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்துக்கிட்டே போச்சு. அதுதான் மெரினா. வடக்குப் பக்கத்துக்கு வர வேண்டிய மணல் வரல. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்னு கடல் கரையைத் தின்ன ஆரம்பிச்சது. இன்னிக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் போனா கடல் பக்கம் கருங்கல் குவியல்தான் தெரியும். எங்க பாட்டி, "வலை காயப்போட்ட இடம் இப்போ அதோ அங்க, தண்ணிக்குள்ள"ன்னு கையை நீட்டிக் காட்டுவாங்க. சின்ன வயசில் நான் அது கதைன்னு நினைச்சேன்.

சரி, கார். துறைமுகத்தில் இருந்தே தொடங்கலாம். மெட்ராஸில் மோட்டார் வண்டிகளைப் பதிவு பண்ண ஆரம்பிச்சப்போ, எம்.சி. 1 என்ற எண் யாருக்குப் போச்சு தெரியுமா? கவர்னருக்கு இல்லை. சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங், துறைமுகத்தின் தலைவர். புயலிலும் மணலிலும் அடிபட்டுக்கிட்டு இருந்த துறைமுகத்தோட கிழக்கு வாசலை மூடி, வடகிழக்கில் புது வாசல் வச்ச இன்ஜினியர். எம்.சி. 3 நம்பெருமாள் செட்டியாருடையது. சென்னையில் கார் வச்சிருந்த முதல் இந்தியர் அவர்தான். உயர்நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய கான்ட்ராக்டர்.

இந்த ரெண்டு பேரையும் சேர்க்கிற இன்னொரு ஆள் இருக்கார். எனக்கு இது தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. 1912இல் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். கணக்கு எழுதற வேலை. பேர் ராமானுஜன். அவர் கேம்பிரிட்ஜ் போக ஆதரவா நின்னவங்களில் ஸ்பிரிங் ஒருத்தர். உடம்பு முடியாமல் திரும்பி வந்து, 1920இல் ராமானுஜன் இறந்தது சேத்துப்பட்டில், நம்பெருமாள் செட்டியாருக்குச் சொந்தமான வீட்டில். ஊரோட முதல் மூணு கார் நம்பரில் ரெண்டு பேர் ராமானுஜன் வாழ்க்கையில் வர்றாங்க. ராமானுஜன்கிட்ட கார் இல்லை. என்னை மாதிரி.

அந்தக் காலத்தில் உல்லாசப் பயணம் என்றாலே வடக்குதான் என்பதையும் சொல்லணும். மெட்ராஸையும் எண்ணூரையும் இணைச்ச கால்வாய் 1806இல் முடிஞ்சது. பின்னாடி பக்கிங்காம் கால்வாயாக நீண்டது அதுதான். வெள்ளைக்கார அதிகாரிகள் படகில் எண்ணூர் போய் கழிமுகத்தில் காத்து வாங்கினாங்க, மீன் பிடிச்சாங்க. இன்னிக்கு ஈசிஆர் போற மனசு அன்னிக்கு எண்ணூர் போச்சு.

சுதந்திரத்துக்கு அப்புறம் கதை வேற கியருக்கு மாறுது. 1948இல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். அசோக் என்பது அவர் மகனோட பேர். அடுத்த வருஷம் எண்ணூரில் கார் அசெம்பிளி ஆரம்பிச்சது. லாரி இல்லைங்க, கார். இங்கிலாந்தில் இருந்து கப்பலில் பாகங்களா வந்த ஆஸ்டின் ஏ40. துறைமுகத்தில் பெட்டி இறங்கும், எண்ணூரில் காராகி வெளியே வரும். பிறகு லேலண்டோடு ஒப்பந்தம், 1955இல் பேரும் அசோக் லேலண்ட் ஆச்சு. அதுக்கப்புறம் பஸ், லாரிதான். நம்ம தலைமுறைக்கு எண்ணூர் என்றால் லேலண்ட், லேலண்ட் என்றால் பல்லவன் பஸ். அங்கே ஒரு காலத்தில் ஆஸ்டின் கார் உருண்டு வந்ததுன்னு எனக்கே இருபத்தேழு வயசில்தான் தெரியுது.

அதே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், ரெட்டிச் ஊர்க் கம்பெனியோட சேர்ந்து என்ஃபீல்டு புல்லட்டை இங்கே செய்ய ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலை எங்க திருவொற்றியூர். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடினதுக்கு அப்புறமும் இங்கே புல்லட் நிக்கல. இப்போ லடாக் போற ஒவ்வொரு இன்ஸ்டாகிராம் ரீலுக்கும் ஒரு மூலவர் உண்டு என்றால், அது எங்க ஹை ரோடு.

அதுக்கும் முன்னாடி, 1946இல், கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு சின்ன ஷெட் போட்டார். என்ன செய்ய? குழந்தைங்க ஊதற பலூன். 1952இல் டயருக்கு மேலே ஒட்டற ட்ரெட் ரப்பர். 1961இல் டயர். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, சுருக்கமா எம்ஆர்எஃப். சச்சின் பேட்டில் இருந்த அந்த மூணு எழுத்துக்கு நடுவில் இருக்கிற ஆர் பலூன் ரப்பரில் தொடங்கினது.

எங்க ஊரில் பஸ் ஸ்டாப் பேரைக் கேட்டாலே புரிஞ்சிடும். விம்கோ நகர், அஜாக்ஸ்னு எல்லாமே கம்பெனி பேர். வேற ஊரில் கோயில் பேரைச் சொல்லி வழி கேட்பாங்க. எங்க ஊரில் பட்டினத்தார் சமாதி இருக்கு, வடிவுடையம்மன் இருக்காங்க, ஆனாலும் கண்டக்டர் கூவறது கம்பெனி பேர்.

எங்க பெரியப்பா டயர் வேலையில் முப்பது வருஷம் இருந்தவர். மோல்டில் ரப்பர் வெந்து டயரா வெளியே வர்ற பிரிவு. சின்ன வயசில் அவர் வேலை முடிஞ்சு வரும்போது அடிக்கிற வாசனை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. இந்த எபிசோடுக்காக அவர்கிட்ட மைக்கை நீட்டினப்போ முதலில் மாட்டேன்னார். "சோழவரம் பத்திக் கேக்கறேன் பெரியப்பா"ன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டார்.

சோழவரம். நம்ம வயசுக்காரங்க பாதிப் பேருக்கு அது ஏரி, நியூஸில் 'நீர்மட்டம்' சொல்ற லிஸ்ட்டில் வர்ற பேர். செங்குன்றம் தாண்டி, கல்கத்தா ரோட்டில் இருக்கு. ரெண்டாம் உலகப் போர் சமயத்தில் அங்கே விமான ஓடுதளம் போட்டாங்க. போர் முடிஞ்சது, விமானங்கள் போயிடுச்சு, கான்கிரீட் மிச்சம். 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாச்சு. வேகமா கார் ஓட்ட நேரான, ஆள் இல்லாத, மாடு குறுக்கே வராத ரோடு அவங்களுக்கு வேணும். ரன்வேயை விட எது பொருத்தம்? கிட்டத்தட்ட 1980களோட கடைசி வரைக்கும் இந்தியாவில் கார் ரேஸ் என்றால் சோழவரம்தான்.

கார் இறக்குமதிக்கு லைசன்ஸ், பர்மிட், அந்நியச் செலாவணின்னு ஆயிரம் தடை இருந்த காலம். அதனால் சோழவரம் தடத்தில் ஒரு விசித்திரமான கலவை. ஒரு பக்கம் குஜராத்தில் இருந்து கோண்டல் மகாராஜா வெளிநாட்டு ரேஸ் காரோட வருவார். விஜய் மல்லையா என்ஸைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டு வந்து ஓட்டினார். இன்னொரு பக்கம் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு எல்லாத்தையும் பிரிச்சு, தேவையில்லாததைக் கழட்டி, சொந்த ஷெட்டில் செஞ்ச 'ஸ்பெஷல்' கார்கள். பெங்களூரில் செஞ்ச சிபானி டால்ஃபின்னு ஒரு ஃபைபர் பாடி கார், ரோட்டில் பார்த்தா பொம்மை மாதிரி இருக்கும். எடை கம்மிங்கிறதால் அது ரேஸில் பிரமாதமா ஓடுச்சு.

இப்போ பெரியப்பா குரலில்:

"நாங்க நாலஞ்சு பேரு பஸ் புடிச்சுப் போவோம்டா. சாப்பாடு கட்டிக்கினு. டிக்கெட்டு எடுத்த வருஷமும் உண்டு, எடுக்காத வருஷமும் உண்டு. அதெல்லாம் ரெக்கார்டு பண்ணாத. வண்டி யார்து, யாரு ஃபர்ஸ்ட்டு, அதெல்லாம் மத்தவன் பாப்பான். நாங்க வண்டி நின்னப்புறம் டயரைப் பாக்கப் போவோம். தோளு எப்டி தேஞ்சிருக்கு, எங்க கொப்புளம் வந்திருக்குன்னு. வெரட்டுவான். அப்பவும் பாப்போம். ஷிஃப்டுல அதான் பேச்சு ஒரு மாசத்துக்கு."

ரெக்கார்டு பண்ணாதன்னு சொன்னதையும் ரெக்கார்டு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோங்க பெரியப்பா.

1990இல் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமா ஒரு ரேஸ் தடம் கட்டினது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம். பாதுகாப்பு, முறையான வளைவுகள், பிட் எல்லாம் வச்சு ஒழுங்கா கட்டின தடம். நாராயண் கார்த்திகேயன், கருண் சந்தோக்னு இந்தியாவில் இருந்து ஃபார்முலா ஒன் போன ரெண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரங்க என்பது சும்மா நடந்தது இல்லை. மைக்கேல் ஷூமாக்கர் மகன் மிக் ஷூமாக்கர், ஃபார்முலா ஒன் போறதுக்கு முன்னாடி ஓட்டின போட்டிகளில் ஒண்ணு எம்ஆர்எஃப் சேலஞ்ச். பலூன் ஷெட் எங்கே போய் நிக்குது பாருங்க.

ரேஸ் தென்மேற்கே போன சில வருஷத்தில் கார் கம்பெனிகளும் அதே திசைக்குப் போச்சு. ஃபோர்டு மறைமலை நகர். ஹூண்டாய் அதே இருங்காட்டுக்கோட்டை, 1998இல் முதல் சான்ட்ரோ. அப்புறம் ஒரகடத்தில் நிஸான். வடசென்னைக்குக் கார்கள் இப்போ ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் வருது: கப்பல் ஏற. எண்ணூர் துறைமுகம் 2001இல் திறந்தது நிலக்கரிக்காக. 2010இல் இருந்து நிஸான் கார்கள் அங்கிருந்து வெளிநாட்டுக்குக் கிளம்பின. அங்கே ஆயிரக்கணக்கில் வரிசையா நிக்கிற புதுக் கார்கள் ஒண்ணு கூட எங்க ரோட்டில் வண்டியா ஓடினது இல்லை. லாரி முதுகில் ஏறி வந்து, கப்பல் வயித்துக்குள்ள போயிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. முழுசா கட்டி முடிச்ச புது வெளிநாட்டுக் காரை நாட்டுக்குள் கொண்டு வர சில துறைமுகங்களில்தான் அனுமதி. அதில் சென்னை ஒண்ணு. அப்போ தீவுத் திடலில் என்னோட காபி குடிச்ச அந்த இருபது காரில் சிலதாவது முதல் தடவை இந்திய மண்ணைத் தொட்டது ராயபுரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கணும்.

2023 டிசம்பரில் தீவுத் திடலைச் சுத்தி ஃபார்முலா 4 ஸ்ட்ரீட் ரேஸ் நடக்க இருந்தது, ஞாபகம் இருக்கா? தடுப்புச் சுவர் எல்லாம் வச்சிட்டாங்க. மிக்ஜாம் புயல் வந்தது. ரேஸ் தள்ளிப்போச்சு. அதே வெள்ளத்தில் மணலி தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. 1806இல் காத்து வாங்கப் படகு போன அதே கால்வாய். மீன்பிடிப் படகு, வலை, மாங்குரோவ் வேர் எல்லாம் கறுப்பு. மக்கள் வாளியிலும் மக்கிலும் எண்ணெயை அள்ளினாங்க. என்னோட படிச்சவன் ஒருத்தன் அதில் இறங்கி அள்ளினான், ஒரு வாரம் தலைவலி அவனுக்கு. அந்த டிசம்பரில் தீவுத் திடல் ரேஸ் தள்ளிப்போனது பத்தி நான் ட்வீட் போட்டிருக்கேன். எண்ணெய் பத்திப் போட்டது நாலு நாள் கழிச்சு. தேடிப் பார்த்தேன், தேதி இருக்கு.

ரேஸ் அடுத்த வருஷம், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1இல் நடந்தது. ராத்திரி வெளிச்சத்தில், சுமார் மூன்றரை கிலோமீட்டர் தடம், 19 வளைவு. நேப்பியர் பாலம், சிவானந்தா சாலைன்னு நாம பஸ்ஸில் நசுங்கிப் போற இடங்களில் ரேஸ் கார். பெரியப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். முட்டி வலி, படி ஏற முடியல. சத்தம் கேட்டதும் சரியாயிட்டார். ரெண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசல. கிளம்பும்போது, "சோழவரத்துல இன்னும் கிட்டக்க நிக்கலாம்"னார், அவ்வளவுதான்.

இப்போ திரும்ப நம்ம சீனியர். இதையெல்லாம் லஞ்ச் டைமில் தவணை முறையில் அவர்கிட்ட சொல்லிட்டே இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவரே, "சரி, ஞாயித்துக்கிழமை நாம ரெண்டு பேர் மட்டும் போலாம். மெதுவா"ன்னார்.

நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். தீவுத் திடலில் இருந்து இந்தத் தடவை இடது பக்கம். ராஜாஜி சாலை, ராயபுரம். 1856இல் தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்பின ஸ்டேஷனைக் காட்டினேன், இருட்டில் தூண்தான் தெரிஞ்சது. காசிமேட்டில் மீன் ஏலம் உச்சத்தில் இருந்தது. ஐஸ் வண்டிக்காரர் ஒருத்தர் போர்ஷேவைப் பார்த்து ஒதுங்காமல், "ரிவர்ஸ் எடு ரிவர்ஸ் எடு"ன்னு அவரே கையைக் காட்டி வழி போட்டுக் கொடுத்தார். எக்ஸ்பிரஸ் சாலையில் ஒரு பக்கம் கருங்கல், ஒரு பக்கம் டிரெய்லர். நாற்பதுக்கு மேல போகல. ஒவ்வொரு பள்ளத்துக்கும் சீனியர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டார். பம்பருக்கு ஒண்ணும் ஆகல.

திருவொற்றியூரில் பெரியப்பா குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு, தெருமுனையில் நின்னுட்டு இருந்தார். சீனியர் இறங்கி வணக்கம் சொன்னார். "உள்ள உக்காருங்கய்யா, ஒரு ரவுண்டு போலாம்"னார். பெரியப்பா காரோட பேரைக் கூடப் பார்க்கல. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், வலிக்கிற முட்டியோட, மெதுவா குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, செல்போன் டார்ச்சை அடிச்சார்.

டயரோட பக்கச் சுவரில் கடைசியா நாலு எண் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அன்னிக்கு அங்கே இருந்தது 1118.

"தம்பி, இது 2018 மார்ச்சுல செஞ்சது. பட்டன் நல்லா இருக்கேன்னு பாக்காதீங்க. ஓட்டாம வெச்சிருந்தா ரப்பர் இறுகிப் போயிரும். இங்க பாருங்க, மயிரிழை மாதிரி வெடிப்பு. ஈசிஆர்ல நூத்தம்பதுல போறீங்களாமே?"

சீனியர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். நகத்தால் கீறிக் காட்டச் சொன்னார். நாலு டயரையும் ரெண்டு பேரும் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. அதுக்குள்ள தெருவே கூடிடுச்சு. அப்புறம்தான் பெரியப்பா வண்டியில் ஏறினார். எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் அவங்க ரெண்டு பேர் போனாங்க. ரெண்டே சீட்டுங்கிறதால் நான் அங்கேயே டீக்கடையில் உட்கார்ந்துட்டேன். திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆச்சு. என்ன பேசினாங்கன்னு ரெண்டு பேரும் சொல்லல.

ரெண்டு வாரம் கழிச்சு சீனியர்கிட்ட இருந்து ஒரு போட்டோ. புது டயர். கீழே ஒரு வரி: "பெரியப்பாகிட்ட காட்டு. வாரம் சரியான்னு கேளு."